அத்தியாயம் 4: மொழியும் ஃபிரேம்வொர்க்கும் தேர்ந்தெடுத்தல்

வெப் அப்ளிகேஷன் ஒன்றைக் கட்டத் தொடங்குகிறவர்கள், கட்ட வேண்டிய பொருளின் இயல்பைப் பற்றி ஒரு நாளேனும் உட்கார்ந்து யோசிப்பதற்கு முன்பே எந்த மொழியில் எழுதலாம், எந்த ஃபிரேம்வொர்க்கைக் கைக்கொள்ளலாம் என்னும் விவாதத்தில் இறங்கிவிடுவதையும், அந்த விவாதம் பெரும்பாலும் அவரவர் கல்லூரியிலோ முதல் வேலையிலோ பழகிக்கொண்ட ஒன்றின்மீதுள்ள பற்றினாலேயே முடிவாகிவிடுவதையும் நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எந்த மொழி சிறந்தது என்று என்னிடம் வந்து கேட்கும் இளைஞர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதற் கேள்வி, நீங்கள் எழுதி முடித்துவிட்டுப் போன பிறகு இதைத் திருத்தப் போகிறவர் யார் என்பதுதான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாத நிலையில் மொழியைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் ஆலோசனைகள் யாவும் அந்த அபிப்பிராயத்திலிருந்தே கிளைப்பவை.

பேச்சு அந்தரத்தில் நின்றுவிடாமல் இருக்கும் பொருட்டு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தாலுகா தலைநகர் ஒன்றில் 20,000 புத்தகங்களும் 3,000 உறுப்பினர்களும் உள்ள ஒரு நூலகம் இருக்கிறதென்றும், புத்தகம் கொடுப்பதையும் திரும்ப வாங்குவதையும், முன்பதிவையும் தாமதக் கட்டணத்தையும் இதுவரை பேரேட்டில் எழுதிவந்த அந்த நூலகம் இனி அவற்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள விரும்புகிறதென்றும், உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே தலைப்பைத் தேடிப் பார்க்கும் சௌகரியமும் அதற்கு வேண்டுமென்றும் வைத்துக்கொள்வோம். தலைப்புகளில் பெரும்பான்மை தமிழ். நிர்வாகக் குழுவின் கையில் இருக்கும் பணம் சொற்பம். எழுதித் தர முன்வந்திருப்பவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போய்விடக் கூடியவர்.

உறுப்பினர் ஒருவர் தம் பிரௌசரில் ஒரு தலைப்பைத் தட்டெழுதித் தேடச் சொன்னதும், அந்தக் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே காத்திருக்கும் நிரல் அதைப் படித்து, கேட்பவர் இன்னார் என்பதைத் தெளிந்து, டேட்டாபேஸில் விசாரித்து, கிடைத்த விடையை ஒரு பக்கமாக அமைத்துத் திருப்பி அனுப்புகிறது. இந்தப் பாதையில் பிரௌசரின் பக்கம் நமக்குச் சுதந்தரம் மிகவும் குறைவு. 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் உருவத்தை எழுதிமுடித்த ஜாவாஸ்கிரிப்ட்தான் இன்றைக்கும் அங்கே ஆட்சி செலுத்துகிறது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டில் எழுதினாலும் அது ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்டே பிரௌசரைச் சேர்கிறது. ஆகவே, எந்தச் சர்வர் மொழியைத் தேர்ந்தெடுப்பவரும் ஜாவாஸ்கிரிப்டை ஓரளவு கற்றே தீர வேண்டும். தேர்வு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருப்பது சர்வரின் பக்கத்தில்தான்.

சர்வரின் பக்கத்தில் எல்லாவற்றையும் தாமே எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குக் கடவுச்சொல்லை எவ்வாறு சேமிப்பது, படிவத்தில் வந்த எழுத்துகளுக்குள் டேட்டாபேஸையே அழிக்கும் கட்டளை ஒன்று ஒளிந்து வந்தால் அதை எவ்வாறு தடுப்பது, ஒருவர் பெயரால் மற்றொருவர் கோரிக்கை அனுப்பாமல் எவ்வாறு காப்பது என்பவை போன்ற பிரச்சினைகள் முதல் மாதத்திலேயே எதிர்ப்படும். பல்லாயிரம் பேர் இடறிவிழுந்து எழுந்த இடங்களையெல்லாம் அடைத்துச் சமன்செய்து தருவதுதான் ஃபிரேம்வொர்க்கின் முதல் உபகாரம். ஆயினும் அந்த உபகாரம் ஒரு முறை பெற்றுவிட்டு மறந்துவிடத்தக்கது அன்று. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் என்னும் கடன்தகவல் நிறுவனம் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் அமைந்த ஒரு வாயிலை வைத்திருந்தது. அந்த ஃபிரேம்வொர்க்கில் ஒரு பலவீனம் இருப்பது தெரிந்து, அதற்கான திருத்தமும் 2017 மார்ச் மாதத்திலேயே வெளியாகிவிட்ட பிறகும், அந்த வாயிலில் அது பொருத்தப்படாமல் கிடந்தது. மே மாதத்தில் அந்த வழியாகவே நுழைந்தவர்கள் ஏறக்குறைய 14.7 கோடி மக்களின் அந்தரங்க விவரங்களைக் கொண்டுபோனார்கள். ஃபிரேம்வொர்க்கை எழுதியவர்கள் தங்கள் கடமையைச் செய்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டிருந்தவர்கள் செய்யவில்லை. எனவே ஃபிரேம்வொர்க் ஒன்றை ஏற்பவர், அது வெளியிடும் திருத்தங்களை மாதந்தோறும் கவனித்துப் பொருத்தும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார். நம் நூலகத்தில் அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை நிர்வாகக் குழு பெயர் சொல்லி எழுதிவைக்க வேண்டும்.

இப்போது மனிதர்களைப் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். வர்த்தக ஸ்தாபனம் ஒன்றில் சரக்கிருப்புக் கணக்குக்கான அப்ளிகேஷன் ஒன்று, மிகுந்த புத்திக்கூர்மையுள்ள ஒரு நண்பரால், கற்றறிந்தவர்கள் வியந்து பேசும் ஆனால் நாடறியாத ஒரு மொழியில் எழுதப்பட்டது. நிரலைப் பார்த்தால் அழகாக இருக்கும். தவறும் மிகக் குறைவு. இரண்டரை ஆண்டுகள் கழிந்து வரி விதிப்பு முறை மாறியபோது, நண்பர் வெளிநாட்டில் இருந்தார். ஒரு பட்டியலில் இரண்டு கட்டங்களைக் கூட்டுவதற்காக அந்த ஸ்தாபனத்தார் ஆள் தேடி நான்கு மாதம் அலைந்தார்கள். இறுதியில் என்னை அழைத்தார்கள். அந்த மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டே நான் திருத்த வேண்டியிருந்தது. அந்த நாட்களில், குமாஸ்தாக்கள் மாலைதோறும் கணக்கைக் கையால் மறுபடி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான், மொழித் தேர்வு என்பது எழுதுகிறவருடைய ரசனைக்கு மாத்திரம் உட்பட்ட காரியம் என்ற என் பழைய எண்ணம் என்னை விட்டு நீங்கியது. அந்த நண்பரிடம் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. அவரைத் தடுத்து, உங்களுக்குப் பின் யார் என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லாமற் போனதுதான் குறை.

ஆகவே நான் சொல்லும் முதல் பரீட்சை மிக எளிதானது. உங்கள் ஊரிலும் பக்கத்து நகரத்திலும், நீங்கள் உத்தேசித்திருக்கும் மொழியில் வேலை செய்து பழகியவர்கள் மூவரையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட உங்களால் முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த மொழியின் மற்றச் சிறப்புகளைப் பரிசீலிக்கும் சிரமம் வேண்டாம்.

இரண்டாவது பரீட்சை, அந்த மொழியையும் ஃபிரேம்வொர்க்கையும் நடத்துகிறவர்கள் பழைய உபயோகஸ்தர்களை எவ்வாறு நடத்தியிருக்கிறார்கள் என்பதைச் சரித்திரத்திலிருந்து தெரிந்துகொள்வது. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்கள் அதில் அப்படியே ஓடமாட்டா என்பது தெரிந்தே வெளியிடப்பட்டது. உலகம் முழுவதும் கிடந்த பழைய நிரல்களை மாற்றி எழுதுவதற்குப் பதினோர் ஆண்டுகள் பிடித்தன. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடுதான் இரண்டாம் பதிப்பின் பராமரிப்பு முடிவுக்கு வந்தது. அவகாசம் நீண்டதாக இருந்தமையால் துன்பம் தாங்கக் கூடியதாக இருந்தது. பிரௌசர் பக்கத்து ஃபிரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ் விஷயத்தில், 2016-இல் வந்த அடுத்த பதிப்பு பெயரை மட்டும் ஏறக்குறைய ஒத்திருந்து, அமைப்பிலே முற்றிலும் வேறாக இருந்தது. பழையதை நம்பி எழுதியவர்கள் ஏறத்தாழ புதிதாகவே எழுத நேர்ந்தது. 2021 டிசம்பரோடு பழையதன் ஆதரவும் நின்றுவிட்டது. இதற்கு மாறாக, கோ மொழியை நடத்துகிறவர்கள் 2012-இல் முதற்பதிப்பை வெளியிட்டபோதே, இந்தப் பதிப்பில் எழுதியது இனி வரும் பதிப்புகளிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்து, அதைப் பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறார்கள். ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று வெளியாகிறது. 2025 ஏப்ரலில் வந்த 5.2-ஆம் பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். பணம் குறைந்த நம் நூலகம் போன்ற இடங்களுக்கு, வேகத்தையும் அழகையும் பற்றிய எல்லாப் பேச்சைக் காட்டிலும் அந்தத் தேதி முக்கியமானது.

இனி மொழிகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். பிஹெச்பி, 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம்முடைய சொந்தப் பக்கத்துக்காக எழுதிக்கொண்ட சிறு கருவிகளிலிருந்து வளர்ந்தது. திட்டமிட்டுப் பிறவாத காரணத்தால் அதன் உள்ளமைப்பில் ஒழுங்கீனங்கள் பல உண்டு. பழைய பாடங்களைப் பார்த்துக் கற்றவர்கள் பாதுகாப்பற்ற முறைகளையும் கூடவே கற்றுவிடுகிறார்கள். ஆயினும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் பிறந்து விடையளித்ததும் மறைந்துவிடும் அதன் சுபாவத்தினால், ஒரு பக்கத்தில் நேரும் தவறு அடுத்த பக்கத்தைத் தொடுவதில்லை. மிகக் குறைந்த வாடகைச் சர்வரிலும் அது ஓடும். விக்கிப்பீடியா முதலில் பெர்ல் மொழியில் எழுதிய மென்பொருளில் தொடங்கி, 2002-இல் பிஹெச்பிக்கு மாறி, இன்றும் அதிலேயே நடைபெறுகிறது. 2011 முதல் வளர்ந்துவரும் லாரவெல் ஃபிரேம்வொர்க்கோடும் பிஹெச்பியின் எட்டாம் பதிப்போடும் தொடங்குகிறவருக்குப் பழைய குறைகளில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. பிஹெச்பியை இழிவாகப் பேசுவது சில இடங்களில் நாகரிகமாகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு நீங்கள் செவிகொடுக்க வேண்டியதில்லை.

பைத்தானில் இரண்டு பாதைகள் உண்டு. ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் சிறு நகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில், செய்தி ஆசிரியர்கள் கேட்ட பக்கங்களை அன்றன்றைக்கே கட்டித்தர வேண்டிய அவசரத்தில் பிறந்து, 2005-இல் பொதுவுக்கு வந்தது. பத்திரிகைக்காரர்களுக்காகப் பிறந்ததனாலேயே, தரவின் அமைப்பை ஒரு முறை விவரித்துவிட்டால், அதைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் வேண்டிய நிர்வாகத் திரைகளை அது தானே உண்டாக்கித் தருகிறது. நிரல் அறியாத நூலகர் அந்தத் திரையில் முதல் நாளே வேலை தொடங்கலாம். ஃபிளாஸ்க், 2010-இல் வந்தது, கையடக்கமானது, பத்து வரியில் ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். தொடங்குகிறவர்கள் அந்தப் பத்து வரியில் மயங்கிவிடுகிறார்கள். பிறகு உறுப்பினர் நுழைவுக்கு ஒன்று, படிவத்துக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று பல இடங்களிலிருந்து சேகரித்துக் கோத்த பின்னர், தங்களுக்கென்று ஒரு ஃபிரேம்வொர்க்கையே கட்டிவிட்டிருப்பதையும், அதற்குப் பாடப்புத்தகமோ ஆசிரியரோ உலகில் எங்கும் இல்லை என்பதையும் உணர்கிறார்கள். சிறிய சேவை ஒன்றுக்கு ஃபிளாஸ்க் மிகவும் தகும், நூலகத்துக்கு வேண்டாம்.

ரூபி மொழியின் ரெயில்ஸ் 2004-இல் வெளிவந்தபோது, ஒரே விதமாக எழுதுவோம் என்ற சம்பிரதாயத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டால் எழுத வேண்டிய அளவே குறைந்துவிடும் என்பதை உலகுக்குக் காட்டியது. பின்னால் வந்த பல ஃபிரேம்வொர்க்குகள் அதன் மாணவர்களே. உங்கள் ஊரில் ரூபி அறிந்தவர்கள் இருந்தால் தயங்காமல் எடுங்கள். ஜாவாவும் சி ஷார்ப்பும், வங்கி, காப்பீடு போன்ற பெரிய ஸ்தாபனங்களில் ஐம்பது நூறு பேர் ஒரே நிரலில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்வதற்கு ஏற்றவை. இரண்டு பேர் எழுதும் வேலைக்கு அவற்றின் ஏற்பாடுகள் பாரமாக இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டைச் சர்வருக்குக் கொண்டுவந்த நோடு, 2009-இல் ரையன் டாலால் வெளியிடப்பட்டது. பலர் ஒரே சமயத்தில் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிய செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் உரையாடல் போன்ற வேலைகளுக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. ஒரே இழையில் எல்லோரையும் மாறிமாறிக் கவனிப்பதால், ஒருவருக்காக நீண்ட கணக்கு ஒன்றைச் செய்யப் புகுந்தால் மற்றவர்கள் அதுவரை காத்திருக்க நேரும். இரு பக்கத்துக்கும் ஒரே மொழி போதும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. அந்தக் கவர்ச்சியோடு வரும் அபாயத்தையும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில், எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்புவதற்காகப் பதினொரே வரியில் எழுதப்பட்டிருந்த ஒரு பேக்கேஜை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நேராகக் கேட்டறியாத ஆயிரக்கணக்கான நிரல்கள், தாங்கள் நம்பிய பேக்கேஜ் நம்பிய பேக்கேஜ் அதை நம்பியிருந்த காரணத்தால், அன்றைக்குக் கட்டியெழுப்ப முடியாமல் நின்றன. நோடை எடுப்பவர்கள், ஒரு பேக்கேஜைச் சேர்க்கும்போது அதனோடு எத்தனை பேக்கேஜுகள் வீட்டுக்குள் வருகின்றன என்பதை எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

ரியாக்ட், வியூ போன்ற பிரௌசர் பக்கத்து ஏற்பாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையின் ஒரு மூலையில் தொட்டதும் மற்றொரு மூலை மாற வேண்டிய வரைபடம், தேசப்படம், பலர் சேர்ந்து திருத்தும் ஆவணம் போன்றவற்றுக்கு இவை இன்றியமையாதவை. பட்டியலும் படிவமும் மட்டுமே உள்ள நூலகத்துக்கு இவற்றைக் கொண்டுவந்தால், ஓர் அப்ளிகேஷனுக்குப் பதிலாக இரண்டைக் கட்டி, இரண்டுக்கும் இடையே பேச்சுவார்த்தைக்கு மூன்றாவது ஏற்பாடும் செய்து, மூன்றையும் பராமரிக்கும் நிலை உண்டாகும். சர்வரிலேயே அமைத்து அனுப்பும் சாதாரணப் பக்கம், மெதுவான கைபேசி இணைப்பிலும் விரைவாக வந்து சேரும்.

வேகத்தைப் பற்றிய கவலையே பலரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. ட்விட்டர் 2006-இல் ரெயில்ஸில் பிறந்து, பின்னர் தன் முக்கியமான பகுதிகளை ஸ்காலாவுக்கும் ஜாவாவுக்கும் மாற்றிக்கொண்டது. ஃபேஸ்புக் 2004-இல் பிஹெச்பியில் பிறந்து, தன் பாரத்தைத் தாங்கும் பொருட்டு 2014-இல் ஹேக் என்னும் தனிமொழியையே செய்துகொண்டது. இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு, முதலிலேயே வேகமான மொழியை எடுத்திருந்தால் இந்தச் சிரமம் இல்லையே என்று சொல்பவர்கள், கோடிக்கணக்கான ஜனங்கள் வந்து சேரும்வரை அந்த எளிய கருவிகளே போதுமானவையாக இருந்தன என்பதைக் கவனிப்பதில்லை. மூவாயிரம் உறுப்பினர்களுக்கு எந்த மொழியும் போதும். நூலகத்தின் பக்கம் தாமதமாக வருமானால், குற்றவாளி பெரும்பாலும் டேட்டாபேஸை அணுகிய முறையாகவே இருக்கும். ஐம்பது புத்தகங்களைப் பட்டியலிடும் பக்கம், பட்டியலுக்கு ஒரு முறையும், பிறகு ஒவ்வொரு புத்தகத்தின் ஆசிரியர் பெயருக்குத் தனித்தனியே ஒரு முறையுமாக ஐம்பத்தொரு முறை டேட்டாபேஸின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் பெயரையும் சேர்த்துக் கேட்டால் ஒரே முறையில் முடியும் காரியம் அது. அதற்கான வசதி ஜாங்கோவிலும் லாரவெலிலும் ரெயில்ஸிலும் இருக்கிறது.

வேகத்தைவிட நம்மவர்கள் பரிசோதிக்க வேண்டியது, உத்தேசித்த கருவிகள் தமிழ் எழுத்தை எவ்வாறு நடத்துகின்றன என்பதை. பிறமொழியில் எழுதிய வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

‘தமிழ்’ என்ற சொல்லைப் படிக்கும் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கும்போது குறி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். இந்தச் சொல்லின் நீளம் என்ன என்று பிஹெச்பியின் பழைய கட்டளையையும் கோ மொழியையும் கேட்டால் 15 என்று சொல்லும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்று சொல்லும். எலிக்ஸிர் மொழி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே அலகாகக் கொள்வதால், 3 என்று சொல்லும். தலைப்பு நீளமாக இருந்தால் இருபது எழுத்தோடு வெட்டிக் காட்டு என்று எழுதிய நிரல், வெட்டு விழும் இடத்தைப் பொறுத்து, ‘மி’யை ‘ம’வாக்கிவிடும், பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தே உடைந்து கேள்விக்குறியாகிவிடும். 30 பைட் என்று அளவு வைத்த பெயர்ப் புலத்தில், ஆங்கிலத்தில் முப்பது எழுத்து நுழையும் இடத்தில், தமிழ்க் குறிகள் பத்துத்தான் நுழையும்.

அகரவரிசை இன்னும் முக்கியமானது. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்னும் எழுத்து ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்னும் எழுத்து ‘ர’வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்களை மாத்திரம் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல் ‘மனம்’ என்பதை ‘மரம்’ என்பதற்கு முன்னால் வைக்கும். நம் அகராதி வரிசையில் மரமே முதலில் வர வேண்டும். புள்ளிக் குறி உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதனால், அகராதியில் ‘பக்கம்’ முதலிலும் ‘பகல்’ பின்னாலும் வருவதற்கு மாறாக, அந்த நிரல் பகலை முன்னே கொண்டுவந்துவிடும். புத்தகப் பட்டியலை அகரவரிசையில் தேடிப் பழகிய வாசகருக்கு இது அச்சுப்பிழையைவிட மோசமானது. இருக்கும் புத்தகம் இல்லை என்று திரும்பிப் போய்விடுவார். மொழிவாரியான வரிசையை அறிந்த ஐசியு என்னும் தொகுதியைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் என்னும் பகுதியிலும் பிஹெச்பியின் அதே பெயர் கொண்ட இணைப்பிலும் இந்த வசதி உண்டு. பைத்தானில் தனிப் பேக்கேஜாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும், மேலே சொன்ன நான்கு சொற்களைக் கொடுத்து வரிசையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தேடுதலிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறியையும் ஆகாரத்தின் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. புத்தகத்தைப் பதிந்தவர் ஒரு விதமாகவும் தேடுகிறவர் வேறு விதமாகவும் தட்டெழுதியிருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஹெச்பி எல்லாவற்றிலும் இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் தவறாமல் அதை அழைக்க வேண்டியது எழுதுகிறவர் கடமை.

நான் புகழ்ந்து பேசிய ஜாங்கோவிடமே ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. தலைப்பிலிருந்து பக்கத்தின் முகவரியை உண்டாக்கித் தரும் அதன் சிறு கருவி, யூனிகோடு எழுத்துகளை அனுமதி என்று சொன்ன பிறகும், ‘தமிழ்’ என்பதைத் ‘தமழ’ என்று ஆக்கிவிடும். பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தின் பகுதியாகக் கருதாமல் உதிர்த்துவிடுவதே காரணம். நூலகத்துக்கு முகவரியில் புத்தக எண்ணை வைத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் வராது.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்து, நூலகத்துக்கு என் தீர்ப்பைச் சொல்கிறேன். எழுதும் இருவருக்கும் எதிலும் தனிப் பரிச்சயம் இல்லையென்றால், ஜாங்கோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையும் போஸ்ட்கிரெஸையும் எடுத்துக்கொள்ளட்டும். பக்கங்களைச் சர்வரிலேயே அமைக்கட்டும். ஜாவாஸ்கிரிப்டைத் தேடல் பெட்டி போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் சிக்கனமாக உபயோகிக்கட்டும். அவர்களில் ஒருவருக்குப் பிஹெச்பி நன்றாகத் தெரிந்திருந்து, ஊரில் அதை அறிந்தவர்கள் மேலும் இருவர் இருப்பார்களானால், லாரவெலை எடுப்பதே விவேகம். அந்த நிலையில் ஜாங்கோவின் நிர்வாகத் திரைக்காக மாத்திரம் மாறுவது தகாது. முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வார காலத்தை ஒதுக்கி, நூலகத்தின் மிகச் சிறிய பகுதியை, அதாவது ஒரு புத்தகத்தைப் பதிந்து, தேடிக் கண்டுபிடித்து, ஓர் உறுப்பினருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும் வரையிலான காரியத்தை மட்டும், உண்மையான தலைப்புகள் இருநூறைக் கொண்டு கட்டிப் பாருங்கள். அதை எழுதாத மற்றவர், உதவியின்றி அதில் ஒரு புலத்தைச் சேர்க்க எத்தனை நேரம் பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். அரை நாளுக்குள் முடிந்தால் தேர்வு சரி.

முடிவு செய்த அன்றே ஒரு தாளில், எந்த மொழி, எந்த ஃபிரேம்வொர்க், எந்தப் பதிப்பு, அதன் ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது, எவற்றை ஏன் தள்ளினீர்கள், திருத்தங்களைப் பொருத்துபவர் யார் என்பவற்றை நல்ல தமிழில் எழுதி, நிரலோடு ஒரு பிரதியும் நூலகரின் மேசையில் ஒரு பிரதியுமாக வைத்துவிடுங்கள். உங்களை ஒருபோதும் சந்திக்காத ஒருவர், என்றோ ஒரு நாள் அந்த மேசைக்கு வந்து, முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.